மாதிரி விமானமும் மின்வலுவும்: ஒரு வரலாற்று நோக்கு

கைவலுவையும் கால்நடை வலுவையும் விட்டு இயந்திர வலுவை மனிதன் நாடிய வரலாறு, கண்டி நகரையும் அதன் சூழலையும் பொறுத்தவரை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குள் அடங்கிவிடுவதாகும். 1867ஆம் ஆண்டில் நீராவிப் புகையிரதம் கண்டியை வந்தடைந்தது. அதே ஆண்டில் ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்த லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பயிரிடலானார். அப்பயிரின் வழியே மலைச்சரிவுகளில் எழுந்த தொழிற்சாலைகள் நீர்வலுவாலும், நீராவி, எண்ணெய் எஞ்சின்களாலும் இயங்கிப் பின்னர் மின்மோட்டருக்கு மாறின. 1925ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ஹந்தானைத் தொழிற்சாலைக் கட்டடம் இன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. முற்காலத் தொழிற்சாலைகளை இயக்கிய எஞ்சின்கள் அங்கே ஓய்ந்து நிற்பதைக் காணலாம். 1985ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விக்ரோறியா நீர்த்தேக்கத்தின் மின்நிலையம் 210 மெகாஉவாற்று வலுவைப் பிறப்பிக்கும் ஆற்றல் வாய்ந்தது. மகாவலியின் நீர் மின்னாகி மலைகளைக் கடந்து செல்லும் நிலை அவ்வாறு உருவாயிற்று.

தரையில் இத்துணை எளிதாக வெற்றி கொண்ட மின்வலு, வானில் மட்டும் நெடுங்காலம் தோல்வியுற்றே நின்றது. மின்மோட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருத்தமடைந்துவிட்ட ஒரு பொறி. அவ்வாறிருந்தும், மின்வலுவால் ஒரு சிறிய மாதிரி விமானத்தைத் தானும் நம்பிக்கையுடன் பறக்கச் செய்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்குக் காரணம் யாது? தடை எங்கிருந்தது? அது எவ்வாறு நீங்கியது? இவ்வினாக்களுக்கு விடை தேடுமிடத்து, எண்ணெய் எஞ்சினால் இயங்கிய பெரிய வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி விமானங்களை மின்வலுவுக்கு மாற்றியமைத்த முயற்சிகளின் வரலாறே சிறந்த வழிகாட்டியாக அமைகின்றது. அவ்வரலாற்றின் இறுதிப் பகுதி கண்டிக்கு அயலான ஒன்றன்று என்பதையும் எடுத்துக்காட்ட இக்கட்டுரை முற்படுகின்றது.

மாதிரி விமானம் விளையாட்டுப் பொருளா?

மாதிரி விமானம் என்றதும் அதனைச் சிறுவர் விளையாட்டுப் பொருளாகக் கருதுவோர் பலர். ஆயின், பறத்தலின் வரலாற்றில் மனிதனைச் சுமந்த விமானத்திற்கு எப்பொழுதும் முன்னோடியாகச் சென்றது மாதிரி விமானமே. 1871ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பாரிசு நகரின் துய்லரிப் பூங்காவில், அல்போன்சு பெனோ என்னும் இளைஞர் முறுக்கிய இறப்பர் நாடாவினால் இயங்கும் மாதிரியொன்றைப் பலர் முன்னிலையில் பறக்கவிட்டார். அது 11 செக்கன்களில் ஏறக்குறைய 40 மீற்றர் தூரம் சென்றது. வாற்பகுதியிற் சிறு சிறகமைத்தால் விமானம் தானே நிலைகொள்ளும் என்ற உண்மையை அச்சிறு கருவி நிறுவிற்று. 1878ஆம் ஆண்டில் ரைற் சகோதரரின் தந்தையார் தம் புதல்வருக்கு வாங்கிவந்த பறக்கும் விளையாட்டுக் கருவியும் பெனோவின் அமைப்பைத் தழுவியதே. பறத்தலில் தமக்கு உண்டான நாட்டத்திற்கு அக்கருவியே வித்து என அச்சகோதரர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர்.

1896ஆம் ஆண்டு மே மாதத்தில் சாமுவேல் லாங்லி என்னும் அமெரிக்க அறிஞரின் நீராவி மாதிரி விமானம் பொற்றோமக் ஆற்றின் மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் பறந்தது. மனிதனைச் சுமக்கத்தக்கதாக அதே அமைப்பைப் பெருப்பித்து 1903ஆம் ஆண்டில் அவர் செய்த விமானம் இருமுறை ஆற்றில் வீழ்ந்தது. சிறியதிற் கண்ட வெற்றி பெரியதில் தானே கைகூடாது என்பதையும், உருவம் பெருகும்போது பாரமும் வலுவும் வேறுவேறு வீதங்களிற் பெருகுகின்றன என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. எஞ்சினை மாற்றுமிடத்தும் இதே பாடம் பொருந்துமாற்றைப் பின்னர்க் காணலாம்.

மாதிரி விமானம் வானொலி அலைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது 1930-களிலாகும். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்த வால்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர் 1937ஆம் ஆண்டில் ‘கவ்’ என்ற தம் மாதிரியைப் பறக்கச் செய்தனர். ஒருவர் விமான மாதிரி அமைப்பதில் வல்லவர். மற்றவர் வானொலிக் கருவிகளில் ஈடுபாடு கொண்டவர். எட்டடிச் சிறககலம் கொண்ட அவ்விமானம் இன்று சிமித்சோனியன் நூதனசாலையிற் பேணப்படுகின்றது. அக்கால வானொலி ஏற்பியும் அதற்குரிய மின்கலங்களும் மிகுந்த பாரமுடையனவாதலால், அவற்றைச் சுமப்பதற்குப் பெரிய விமானம் தேவைப்பட்டது. ஆகவே வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரிகள் தொடக்கத்திலேயே பேருருவினவாய் அமைந்தன. அவற்றை இயக்கியது எண்ணெய் எஞ்சினே.

பலூனும் விமானமும்

வானில் மின்வலுவைப் பயன்படுத்தும் எண்ணம் எண்ணெய் எஞ்சினுக்கு முற்பட்டது. 1883ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில், பிரான்சிய நாட்டுத் திசாந்தியே சகோதரர் சீமென்சு மின்மோட்டர் பூட்டிய வான்கப்பலொன்றை இயக்கிக்காட்டினர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சார்ள்சு றெனார், ஆதர் கிறெப்சு ஆகிய இருவரின் ‘லா பிரான்சு’ என்னும் வான்கப்பல் 23 நிமிடங்களில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கிற்று. மனிதன் தான் விரும்பிய திசையிற் சென்று மீண்ட முதல் வான்பயணம் மின்வலுவால் நிகழ்ந்தது என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

எனினும் அக்கப்பலின் மின்கலங்கள் மட்டும் 435 கிலோகிராம் பாரமுடையன. காற்றினும் இலேசான வாயுவே கப்பலைத் தாங்கிநின்றமையால் அப்பாரம் பொறுக்கத்தக்கதாயிருந்தது. சிறகினால் எழும் விமானத்தின் நிலை வேறு. அது தன் பாரத்தின் ஒவ்வொரு கிராமையும் வலுவைச் செலவிட்டே தாங்க வேண்டும். மின்கலத்தைக் கூட்டினாற் பாரம் கூடும். பாரம் கூடினால் வலு மிகுதியாக வேண்டும். வலுவை மிகுவிக்க மீண்டும் மின்கலத்தைக் கூட்ட வேண்டும். கடனை அடைக்கக் கடன் வாங்குபவன் நிலை போன்றது இது. ஒரு கிலோகிராம் பெற்றோலில் ஏறத்தாழ 12,000 உவாற்று மணிச் சத்தி அடங்கியுள்ளது. அதே நிறையுடைய ஈயமின்கலத்திற் சேமிக்கத்தக்க சத்தியோ 30 முதல் 40 உவாற்று மணி மாத்திரமே. சிறிய எண்ணெய் எஞ்சின் தான் உண்ணும் சத்தியில் பத்திலொரு பங்கையே பயன்தரு வேலையாக மாற்றுகின்றது எனக் கொண்டாலும் இடைவெளி நிரவ முடியாததாகவே இருந்தது. ஆகவே மின்பறப்புக்கு நெடுங்காலம் தடையாய் நின்றது மோட்டரின் குறையன்று. சத்தியைச் சேமிக்கும் கலத்தின் குறையேயாகும்.

1957: முதல் மாற்றம்

இத்தடையை முதலில் தாண்டியவர் கேணல் எச். ஜே. ரப்ளின் என்னும் ஆங்கிலேயர். அவர் வரைந்த ‘றேடியோ குயீன்’ என்னும் மாதிரி விமானம் ஏழடிச் சிறககலம் உடையது. டீசல் எஞ்சினுக்கென அமைக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டில் அவ்வகை விமானமொன்று டீசல் எஞ்சினின் துணையால் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து புகழெய்தியிருந்தது. அதே விமான வகையிலிருந்து எஞ்சினை நீக்கி, நிலைக்காந்த மின்மோட்டரையும் வெள்ளி-நாக மின்கல அடுக்கையும் ரப்ளின் பொருத்தினார். 1957ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆம் நாள் அது வானில் எழுந்தது. வானொலிக் கட்டுப்பாட்டு விமானமொன்று மின்வலுவால் பறந்தமைக்கு முறையான பதிவுள்ள முதல் நிகழ்ச்சி இதுவேயாகும்.

இந்நிகழ்ச்சியில் இரு கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, விமானம் புதிதன்று. பழைய உடலில் புதிய உயிர் புகுத்தப்பட்டது. மற்றையது, வெற்றிக்கு வழிவகுத்தது மின்கலத்தின் தன்மை. வெள்ளி-நாக மின்கலம் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 100 உவாற்று மணி, அஃதாவது ஈயமின்கலத்தைப் போல் மும்மடங்கு சத்தியைச் சேமிக்கவல்லது. ஆயின் வெள்ளியின் விலை அதிகம். அம்மின்கலம் மீள மீள மின்னேற்றப்படுவதைப் பல தடவை தாங்காது. ரப்ளின் தம் முயற்சியைத் தொடரவில்லை. அவரது பறப்பு, வழி உண்டு என்பதைக் காட்டியதே ஒழிய, அவ்வழியே பிறர் நடப்பதற்கு உதவவில்லை.

அவ்வழியைச் செப்பனிட்டவர் பிரெட் மிலிற்கி என்பவர். 1957ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திலேயே, கட்டுப்பாடின்றித் தானே பறக்கும் மின்மாதிரி ஒன்றில் அவர் வெற்றி கண்டார். ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் இடைவிடாது முயன்று, 1973ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில், ஒசுத்திரியாவின் வெல்சு நகரில், மனிதனைச் சுமந்த மின்விமானத்தைப் பறக்கச் செய்யும் அளவுக்கு அவர் முன்னேறினார். அவ்விமானமும் புதிதாக அமைக்கப்பட்டதன்று. பிறிற்சுகா நிறுவனத்தின் மோட்டர் மிதவை விமானத்திலிருந்து எண்ணெய் எஞ்சினை அகற்றி, மின்மோட்டரையும் நிக்கல்-கட்மிய மின்கலங்களையும் வைத்து மாற்றியமைத்ததாகும். அதனை ஓட்டியவர் ஹைனோ பிறிற்சுகா. பறப்பு கால்மணி நேரத்துக்குக் குறைந்ததே எனினும், தன் மின்வலுவாலேயே நிலத்திலிருந்து எழுந்து மனிதனைச் சுமந்து பறந்த முதல் விமானம் அதுவாயிற்று. மாதிரியில் தொடங்கிய ஒரு கலை, மாதிரியிற் கற்ற பாடங்களுடன் மனிதனைச் சுமக்கும் நிலையை எய்தியமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மின்கலத்தின் பாரத்தைத் தவிர்க்க வேறொரு வழியும் ஆராயப்பட்டது. 1954ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தார் சிலிக்கன் ஞாயிற்றுக் கலத்தை உருவாக்கியிருந்தனர். 1974ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், கலிபோர்ணியாவின் வரண்ட ஏரிப்படுக்கை ஒன்றில், ஆர். ஜே. பௌச்சர் வரைந்த ‘சன்றைஸ்’ என்னும் ஆளில்லா விமானம் ஞாயிற்றொளியால் மாத்திரம் இயங்கி 20 நிமிடங்கள் பறந்தது. ஏறத்தாழ 9.8 மீற்றர் சிறககலம் கொண்ட அதன் முழுப்பாரம் 12.25 கிலோகிராம், சிறகின் மேல் 4,096 ஞாயிற்றுக் கலங்கள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றால் கிடைத்த வலு 450 உவாற்று. ஒருவகையில் இதுவும் பெரிய வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரியே. இவ்வழியின் தொடர்ச்சியாக 1981ஆம் ஆண்டு யூலை மாதத்தில் போல் மக்கிறெடியின் ‘சோலர் சலஞ்சர்’ விமானம் மனிதனைச் சுமந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. இளமையில் மாதிரி விமானப் போட்டிகளிற் பரிசுகள் பெற்றவர் மக்கிறெடி என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

மாற்றியமைத்தலின் நுட்பங்கள்

எண்ணெய் எஞ்சினுக்கென அமைந்த பெரிய மாதிரியொன்றை மின்வலுவுக்கு மாற்றுதல், ஒரு பொறியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவதோடு முடிவதில்லை. முதற்கண் வலுக்கணக்குச் செய்யப்படல் வேண்டும். இயல்பான பறப்புக்கு, விமான நிறையின் கிலோகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 220 உவாற்று வலு போதுமென்பது மாதிரி அமைப்போர் கைக்கொள்ளும் பொதுவிதி. 6 கிலோகிராம் விமானத்திற்கு உச்சநிலையில் ஏறத்தாழ 1,300 உவாற்று வேண்டும். பறப்பின்போது சராசரியாக அதன் அரைப்பங்கு செலவாகுமெனக் கொண்டால், பத்து நிமிடப் பறப்புக்கு ஏறத்தாழ 110 உவாற்று மணி தேவை. பாதுகாப்பான இறக்கத்திற்கென ஒரு பங்கை மீதப்படுத்துவதாயின் 140 உவாற்று மணி சேமிக்கப்படல் வேண்டும்.

இத்தொகையைக் கொண்டு மின்கலங்களை ஒப்பிட்டால் வரலாற்றின் போக்கே விளங்கிவிடும். ஈயமின்கலமாயின் நான்கு கிலோகிராமுக்கு மேல் வேண்டும்; அது விமானத்தின் முழுநிறையில் மூன்றில் இரண்டு பங்கு. கிலோகிராமுக்கு 45 உவாற்று மணி சேமிக்கும் நிக்கல்-கட்மியமாயின் மூன்று கிலோகிராம், அஃது அரைப்பங்கு. கிலோகிராமுக்கு 150 உவாற்று மணி சேமிக்கும் இலித்திய மின்கலமாயின் ஒரு கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவு. பெற்றோலாயின் நூறு கிராம் வரை போதும். பெற்றோலின் முதன்மை இன்றும் நீங்கவில்லை. ஆயினும் ஆறில் ஒரு பங்கு நிறையை மின்கலத்துக்கு ஒதுக்குவது விமானத்திற்குத் தாங்கக்கூடிய சுமையாகும். எண்ணெய் எஞ்சினின் நிறை, எரிபொருட்டாங்கி, புகைக்குழாய் ஆகியன நீங்குவதால் அச்சுமையிற் பெரும்பகுதி ஈடுசெய்யப்படுகின்றது.

அடுத்துக் கருதத்தக்கது புவியீர்ப்பு மையம். மூக்கிலிருந்த பாரமான எஞ்சின் நீங்கி இலேசான மோட்டர் வரும்பொழுது மையம் பின்னோக்கி நகரும். மையம் பின்சென்ற விமானம் நிலையழிந்து வீழும். இதனைத் தவிர்க்க மின்கலத்தை முன்னோக்கி வைத்தல் வேண்டும். ஆனால் எஞ்சின் விமானங்களில் அவ்விடத்தைத் தடிப்பான தடுப்புப் பலகையும் எரிபொருட்டாங்கியும் அடைத்திருக்கும். ஆகவே தடுப்புப் பலகையைத் துளைத்தும், மின்கலத்தை எளிதில் எடுத்து வைப்பதற்கு மேற்புறத்தில் மூடியமைத்தும் உடற்பகுதி திருத்தப்படல் வேண்டும். எரிபொருள் செலவாகச் செலவாக நிறை குறையும். மின்கலமோ ஏறும்போதிருந்த நிறையுடனேயே இறங்கும். எனவே இறங்கு சில்லுகளின் தாங்குவலுவும் மீளக் கணிக்கப்படல் வேண்டும். மோட்டர், வேகக்கட்டுப்பாட்டுக் கருவி, மின்கலம் ஆகிய மூன்றும் வெப்பமடைவன. முன்புறத்திற் புகும் காற்று பின்புறத்தால் வெளியேற, புகுவாயினும் அகன்ற வெளிவாய் வேண்டும். எண்ணெய் எஞ்சினின் அதிர்வைத் தாங்குவதற்கெனச் சேர்க்கப்பட்ட தடித்த மரத்துண்டுகள் மின்விமானத்திற் பெரும்பாலும் வேண்டாதவை. அவற்றை நீக்கத் துணிபவனே மாற்றத்தின் முழுப் பயனையும் அடைகின்றான்.

மலைநாட்டுச் சூழலுக்கு இம்மாற்றத்தால் தனிப்பட்ட நன்மை ஒன்றுண்டு. கண்டி நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையிலும் பார்க்க ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குறைவு. நுவரெலியாவில் அக்குறைவு நூற்றுக்குப் பதினேழை அண்மிக்கும். காற்றை உட்கொண்டு எரியும் எஞ்சின் அந்த அளவுக்கு வலு இழக்கும். மின்மோட்டருக்குக் காற்று உணவன்று. சிறகும் சுழல்விசிறியும் ஐதான காற்றினாற் பாதிப்புறுமாயினும், சற்றுப் பெரிய விசிறியைப் பொருத்துவதன் மூலம் அக்குறையைப் பெரிதும் தீர்க்கலாம். மலைகள் சூழ்ந்து ஒலியை எதிரொலிக்கும் பள்ளத்தாக்கில், எஞ்சினின் இரைச்சல் இல்லாமையும் ஒரு பெரும் பேறாகும்.

தடை நீங்கிய வகை

ரப்ளினின் பறப்புக்கும் இன்றைய நிலைக்கும் இடையே இரு கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன. முதலாவது, 1980-களின் தொடக்கத்தில் யப்பானிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வெவ்வேறாக உருவாக்கப்பட்ட நியோடைமியக் காந்தம். அதன் வன்மையால் மோட்டர் சிறுத்தது. மின்னைத் தேய்த்துச் செலுத்தும் கரித்தூரிகைகளுக்குப் பதிலாக இலத்திரனியற் சுற்றே மின்னோட்டத்தை மாற்றும் முறை வந்தபின், மோட்டரின் வினைத்திறன் நூற்றுக்கு எண்பதைத் தாண்டிற்று.

இரண்டாவதும் முதன்மையானதும் இலித்திய-அயன் மின்கலமாகும். ஸ்ரான்லி விற்றிங்காம் 1970-களிலும், யோன் குடினவ் 1980ஆம் ஆண்டிலும், அகிரா யோசினோ 1985ஆம் ஆண்டிலும் ஆற்றிய பணிகளின் பயனாக, 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு அம்மூவருக்கும் வழங்கப்பட்டது. கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் பிறந்த அம்மின்கலத்தை, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாதிரி விமானக் கலைஞர் தம் கையில் எடுத்துக்கொண்டனர். 2005ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஞாயிற்றுக் கலங்களையும் இலித்திய மின்கலங்களையும் ஒருங்கே கொண்ட ‘சோலோங்’ என்னும் ஆளில்லா விமானம் கலிபோர்ணியாவில் 48 மணி நேரம் தொடர்ந்து பறந்தது. பகலில் ஈட்டிய ஒளியைச் சேமித்து இரவைக் கடக்க முடியும் என்பதனால், சேமிப்பே மின்பறப்பின் உயிர்நாடி என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டது.

கண்டியும் மின்கலமும்

இலித்திய-அயன் மின்கலத்தின் பெயர் இலித்தியத்தைச் சுட்டினும், அதனுள் இலித்தியத்தினும் பன்மடங்கு நிறையில் இருப்பது பென்சிற்கரியாகும். இலங்கையிற் பொதுவழக்கில் காரீயம் எனப்படுவது இதுவே. மின்னேற்றும்போது இலித்திய அயன்கள் பென்சிற்கரியின் தாள்தாளான படைகளுக்கிடையே புகுந்து தங்குகின்றன. ஆறு காபன் அணுக்களுக்கு ஓர் இலித்தியம் என்பது அதன் கொள்ளளவு. மின்னிறக்கும்போது அவை வெளியேறுகின்றன. மின்விமானம் தனது சத்தியைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் இப்படைகளே எனலாம்.

கண்டிக்கு மேற்கே, கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ, கொலங்கஹ என்னுமிடங்களிலும் பாறைப் பிளவுகளினூடே நரம்பு நரம்பாகப் படிந்துள்ள காரீயம், பல நூறு மீற்றர் ஆழத்திலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டு வந்துள்ளது. நரம்புக் காரீயத்தை வணிக அளவில் வழங்கும் நாடு இலங்கை ஒன்றே. அதன் காபன் தூய்மை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டது. உருக்கை உருக்கும் மூசைகளுக்கென முதலாம் உலகப்போர்க் காலத்தில் இதன் ஏற்றுமதி உச்சநிலையை எய்திற்று. போர் முடிந்ததும் வீழ்ந்தது. 1971ஆம் ஆண்டில் பெருஞ்சுரங்கங்கள் அரசுடைமையாயின. மண்ணினுள் இருந்த பொருளின் விதி, எங்கோ நிகழும் தொழின்முறை மாற்றங்களாலேயே தீர்மானிக்கப்பட்டது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. அன்று உருக்குலைக்காகக் கப்பலேறிய காரீயத்திற்கு, இன்று மின்கலம் புதிய தேவையாக அமைந்துள்ளது.

இத்தேவையை எதிர்நோக்கும் அறிவும் கண்டியிலேயே வளர்ந்து வந்துள்ளது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோற்றுவிக்கப்பெற்ற அடிப்படைக் கற்கைகள் நிறுவகம், பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும போன்றோரின் தலைமையில் வளர்ந்து, கண்டி ஹந்தானை வீதியில் நிலைகொண்டது. அந்நிறுவகத்தினரும் பேராதனைப் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளரும் திண்மநிலை அயனியல் என்னும் துறையில், அஃதாவது திண்மப் பொருள்களினூடே அயன்கள் நகரும் முறையை ஆராயும் துறையில், பல்லாண்டுகள் உழைத்தனர். 2006ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இத்துறையின் பத்தாவது ஆசிய மாநாடு கண்டியில் நடைபெற்றது. அதன் கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களுள் பேராதனையைச் சேர்ந்த எம். ஏ. கே. எல். திசாநாயக்க, எம். ஏ. கரீம் ஆகியோரும் அடங்குவர். அதன் பின்னர் இலங்கை நரம்புக் காரீயத்தைத் தூய்மையாக்கி, அதன் மேற்பரப்பைத் திருத்தி, இலித்திய-அயன் மின்கலத்தின் அனோட்டாகப் பயன்படுத்தும் ஆய்வுகள் அந்நிறுவகத்தினின்று வெளிவந்துள்ளன. இயற்கையில் மிகத் தூய்மையான காரீயமும் மின்கலத்துக்கு நேரே ஏற்றதன்று. அதிலுள்ள சல்பைட்டு, சிலிக்கா ஆகிய மாசுகளை அமிலத்தால் நீக்கி, நூற்றுக்கு 99.9ஐத் தாண்டிய தூய்மையை எய்துவித்தல் வேண்டும். மலையிலிருந்து தோண்டிய கல்லுக்கும் மின்கலத்துள் வைக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள விலைவேற்றுமை, இடையில் நிகழும் இவ்வறிவுத்தொழிலின் கூலியேயாகும்.

ஹந்தானை மலையின் ஒரே வீதியிலே, பழைய எஞ்சின்களைக் காட்சிப்பொருளாக்கிய நூதனசாலையும் வருங்கால மின்கலத்தை ஆராயும் நிறுவகமும் அமைந்துள்ளமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அந்த எஞ்சின்கள் பிறநாட்டில் வரையப்பட்டு, பிறநாட்டில் வார்க்கப்பட்டு, இங்கே இயக்குவதற்காக மட்டும் கொண்டுவரப்பட்டவை. அவற்றைச் சுழற்றிய மலைநாட்டுத் தொழிலாளர் தலைமுறைகளுக்கு அவற்றின் ஆக்கத்திற் பங்கிருக்கவில்லை. மின்கலத்தின் வரலாறும் அவ்வாறே அமைய வேண்டும் என்பதில்லை. மூலப்பொருள் அண்மையிலுள்ளது, ஆய்வறிவும் உள்ளது. காரீயத்தின் பெரும்பகுதி இன்னும் ஏற்றுமதிப் பொருளாகவே செல்வதும், மின்கலம் இறக்குமதிப் பொருளாகவே மீள்வதும் மாற்றப்பட வேண்டிய நிலையாகும்.

முடிவுரை

இவ்வரலாற்றில் மாணவருக்குரிய இடம் சிறிதன்று. சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் அப்துல் கலாம் வானூர்தியியல் கற்ற இடமாகும். இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ள அந்நிறுவனத்தில் உருவான ‘தக்‌ஷா’ என்னும் மாணவர் குழு, 2018ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடைபெற்ற ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடத்தைப் பெற்றது. தொலைவிலுள்ள நோயாளரிடமிருந்து மருத்துவ மாதிரியைப் பெற்றுவருவதே அப்போட்டியில் விமானத்திற்கு விதிக்கப்பட்ட பணி. மண்சரிவால் பாதைகள் துண்டிக்கப்படும் மலைநாட்டில் இத்தகைய பணியின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை. வானம் கட்டற்ற வெளியன்று என்பதும் உண்மையே. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத் தாக்குதல்களின் பின்னர் இலங்கையில் ஆளில்லா விமானங்களின் பறப்பு தடுத்துவைக்கப்பட்டது. சட்டத்தின் அனுமதிக்கமைய, பொது நன்மை கருதிப் பயிலப்படும் கலையாக இது வளர்தல் வேண்டும்.

ரப்ளின் 1957ஆம் ஆண்டில் விமானத்தை மாற்றினார். ஆனால் மின்கலத்தை மாற்ற அவரால் இயலவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தவர்கள் விமானம் கட்டியவர்கள் மாத்திரமல்லர். படிகத்தினூடே அயன் செல்லும் வழியை ஆய்வுகூடத்திற் பொறுமையுடன் ஆராய்ந்தவர்களுமாவர். பௌதிகவியலாளனும் இரசாயனவியலாளனும் பொறியியலாளனும் தத்தம் மண்டபங்களுக்குள் ஒதுங்கியிருந்தால் எந்த விமானமும் எழாது. ஹந்தானைச் சாரலில் ஆராயப்படும் காரீயம், பேராதனை மாணவர் கட்டும் விமானமொன்றின் மின்கலமாகி மகாவலிப் பள்ளத்தாக்கின் மேல் ஒலியின்றிப் பறக்குமாயின், ஒன்றரை நூற்றாண்டாகப் பிறர் எஞ்சின்களை இயக்கிவந்த இம்மண் தன் வலுவைத் தானே ஆக்கிக்கொண்டது என்று வருங்கால வரலாற்றாசிரியன் எழுத இடமுண்டாகும்.